காது மிஷின் வாங்கப் போகிறீர்களா?

கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்ள நாம் வெட்கப்படுவதில்லை. பல் ஆடினால் பல் டாக்டரிடம் ஓடுகிறோம். ஆனால் வீட்டில் ஒருவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றால் என்ன செய்கிறோம்? முதலில் சிரிக்கிறோம். பிறகு கத்துகிறோம். அதற்கும் பிறகு, "வயசாச்சு, வேறென்ன?" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். சில வருஷங்கள் இப்படியே கழிந்த பின், ஒரு நாள் திடீரென்று யாருக்காவது கரிசனம் பிறக்கிறது. உடனே கைப்பேசியை எடுத்து, படத்தைப் பார்த்து, ஒரு காது மிஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறோம்.

சிரித்ததும் சும்மா இருந்ததும் சரியல்ல என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். ஆனால் ஆசையோடு மிஷின் வாங்கிக் கொடுத்தால் அதில் என்ன பிசகு என்று கேட்கத் தோன்றும். வாங்குவதில் பிசகு ஒன்றும் இல்லை. எது முதலில், எது பிறகு என்பதில்தான் பிசகு இருக்கிறது. காது ஏன் கேட்கவில்லை என்பதை டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மிஷினைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டும். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

மருமகள் குரல் மட்டும் கேட்காதா?

கீழ்பென்னாத்தூரில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் அது. சுற்றிலும் நெல் வயல், நிலக்கடலைக் கொல்லை. நிலக்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். மாமனாரும் மாமியாரும் ஊரில் இருக்கிறார்கள். பிள்ளையும் மருமகளும் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறார்கள். கார்த்திகை தீபத்துக்கு எல்லோரும் ஊரில் கூடியிருக்கிறார்கள்.

"அத்தை, பாலைக் காய்ச்சட்டுமா?" என்று மருமகள் அடுப்படியிலிருந்து கேட்கிறாள். பதில் இல்லை. மறுபடியும் கேட்கிறாள். அப்போதும் இல்லை. வாசலிலிருந்து பிள்ளை, "அம்மா!" என்று ஒரு குரல் கொடுக்கிறான். "என்னப்பா?" என்று மாமியார் உடனே திரும்புகிறார்.

மருமகளுக்கு மனசு எப்படி இருக்கும்? "பிள்ளை கூப்பிட்டால் கேட்கிறது, நான் கூப்பிட்டால் கேட்கவில்லையாக்கும்!" என்று முகம் சுருங்கிவிடும். மாமியாருக்கோ, "இந்தக் காலத்துப் பெண்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்" என்று குறை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

நம் உட்காதில் நத்தைக் கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மிக நுண்ணிய உணர்வு இழைகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை வாங்குகிற இழைகள் ஒரு கோடியில். கனத்த ஒலிகளை வாங்குகிறவை மறு கோடியில். வயது ஏற ஏற, உயர்ந்த ஒலிகளை வாங்குகிற இழைகளே முதலில் தேய்கின்றன. ஆண்களின் கனத்த குரல் தப்பிவிடுகிறது; பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் தேய்ந்து போகின்றன. பேரன் "ஆயா, ஆயா" என்று பத்துத் தரம் கூப்பிட்டும் திரும்பாத பாட்டி, டிராக்டர் வருகிற ஓசைக்குத் திரும்பிவிடுவாள்.

இதே காரணத்தால், பேச்சில் மெய்யெழுத்துக்களின் ஓசை முதலில் நழுவும். கடையா, சடையா, தடையா, படையா என்று பிடிபடாது. "சத்தம் கேட்கிறது, பேசுவதுதான் புரியவில்லை" என்று வயதானவர்கள் சொல்வது இதைத்தான். நாம் கத்தினாலும் பயன் இல்லை. கத்தும்போது உயிரெழுத்துத்தான் பெருக்குமே தவிர, மெய்யெழுத்துத் தெளிவாகாது.

"அப்படியானால் எங்கள் மாமியாருக்கும் இதுதான்! இப்போதே மிஷினுக்குச் சொல்லிவிடுகிறேன்" என்று புறப்பட்டுவிடாதீர்கள். இதுதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? காது கேளாமைக்கு வயது ஒரு காரணம். அதைப் போலவே தோன்றுகிற வேறு காரணங்களும் இருக்கின்றன.

ஒரே குறை, பல காரணம்

முதல் காரணம் மிகச் சாதாரணமானது. காதுக் குறும்பி. அது இறுகி அடைத்துக்கொண்டால் காது மந்தமாகிவிடும். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று தண்ணீர் பட்டு ஊறிப் பெருத்து, திடீரென்று அடைத்துக்கொள்வதும் உண்டு. டாக்டர் சில நிமிஷங்களில் எடுத்துவிடுவார். இதற்குப் போய் ஆயிரக் கணக்கில் கொடுத்து மிஷின் வாங்கினால், அடைத்த கதவைத் திறக்காமல் வெளியே நின்று உரக்கக் கூவுகிற மாதிரிதான்.

இரண்டாவது, சீழ். குழந்தைப் பருவத்திலிருந்தே காதில் சீழ் வந்து வந்து நிற்கிறவர்கள் நம் கிராமங்களில் எத்தனையோ பேர். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கும். அந்தக் காதில் மிஷினைச் செருகி அடைத்தால் காற்றோட்டம் நின்று, சீழ் உள்ளேயே தங்கி, நோய் முற்றும். இதில் ஒரு வகை மிகவும் பொல்லாதது. நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து, உருண்டையாகத் திரண்டு, பக்கத்து எலும்பை அரித்துக்கொண்டே போகும். முகத்துத் தசைகளை அசைக்கும் நரம்பு அங்கேதான் ஓடுகிறது. உடம்பை நிலைநிறுத்தும் உறுப்பும் அங்கேதான் இருக்கிறது. மூளையும் அதிகத் தொலைவில் இல்லை. கவனிக்காமல் விட்டால் வாய் கோணலாம், தலை சுற்றலாம், மூளையுறையில் காய்ச்சல் காணலாம். இதற்குச் சிகிச்சை ஆபரேஷன். மிஷினைப் போட்டுக்கொண்டு "இப்போது நன்றாகக் கேட்கிறது" என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தால், உள்ளே நோய் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

மூன்றாவதைச் சகோதரிகள் தங்களுக்காகவே கவனிக்க வேண்டும். நடுக்காதில் மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் அங்கவடி என்ற எலும்பு, நம் உடம்பிலேயே மிகச் சிறியது. சுமார் 3 மில்லி மீட்டர்தான். சிலருக்கு அந்த எலும்பின் அடிப்பாகம் இறுகி, அசையாமல் நின்றுவிடும். இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இளம் வயதிலும் நடு வயதிலும் வருகிறது. பிள்ளைப்பேற்றின்போது அதிகமானதாகச் சிலர் உணர்கிறார்கள். 1956-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஜான் ஷே என்ற டாக்டர், இறுகிய அங்கவடியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் செயற்கை எலும்பு ஒன்றைப் பொருத்திக் காட்டினார். அந்த ஆபரேஷன் திருந்திய முறையில் இன்று நம் நாட்டிலும் நடக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷனும் உண்டு, மிஷினும் உண்டு. எது வேண்டும் என்று யோசித்து முடிவு செய்யலாம். ஆனால் நோய் இன்னதென்று தெரியாதவருக்கு அந்த யோசனைக்கே இடம் இல்லையே!

நான்காவது, மருந்தினால் வருவது. காசநோய்க்குக் கொடுக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற சில ஊசி மருந்துகளும், புற்றுநோய்க்கான சில மருந்துகளும் உட்காதைப் பாதிக்கக்கூடியவை. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் காது மந்தம் சற்று அதிகமாக வருகிறது. அரிசி ஆலையிலும் மல்லாட்டை உடைக்கும் மிஷினுக்குப் பக்கத்திலும் வருஷக் கணக்காக நின்ற மாமனாருக்கு, இரைச்சலே காதைத் தேய்த்திருக்கலாம்.

ஐந்தாவது அபூர்வமானது, ஆனால் மறக்கக் கூடாதது. ஒரு காது மட்டும் மந்தமாகி, அந்தக் காதில் மட்டும் ஓயாமல் இரைச்சல் கேட்டால், காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் மேல் சிறு கட்டி வளர்ந்திருக்கக்கூடும். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல, மெதுவாகத்தான் வளரும். என்றாலும் சீக்கிரம் கண்டுகொள்வதில் இருக்கிற அனுகூலம் பெரியது. ஸ்கேன் எடுத்தால்தான் அது தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் வெளியே தெரிகிற குறை ஒன்றுதான்: "காது சரியாகக் கேட்கவில்லை." மிஷினுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. அது ஒலியைப் பெரிதாக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதது

இரவு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காது, காலையில் எழுந்ததும் கேட்கவில்லை. அல்லது இரண்டு மூன்று நாளுக்குள் சட்டென்று மங்கிவிட்டது. இப்படி நேர்ந்தால், "சளியாக இருக்கும், சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். குறும்பியாகவும் இருக்கலாம், ஆனால் உட்காது நரம்பே பழுதாகியிருக்கவும் கூடும். அதற்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். ஆரம்ப நாட்களிலேயே கொடுத்தால் பலருக்குக் காது திரும்புகிறது. இரண்டு வாரம் கடந்துவிட்டால் அந்த நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். மிஷின் தபாலில் வருவதற்காகக் காத்திருக்கிற நாட்கள்தான் அந்தக் காதுக்கு மிகவும் வேண்டிய நாட்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்?

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் அனுபவம் கவனிக்கத் தக்கது. 1977-இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் ஒரு விதி செய்தது. மிஷின் விற்பதற்கு முந்திய ஆறு மாதத்துக்குள் டாக்டர் காதைப் பரிசோதித்திருக்க வேண்டும். வயது வந்தவர்கள் "பரிசோதனை வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வாங்கவும் இடம் இருந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

நாளடைவில் வேறொரு கவலை வந்தது. மிஷின் தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து வாங்காமலே இருந்துவிட்டார்கள். ஆகவே 2016-இல் பெரியவர்கள் விஷயத்தில் அந்த விதியை வற்புறுத்துவதை நிறுத்தினார்கள். 2022 அக்டோபரிலிருந்து, லேசான அல்லது நடுத்தரமான குறை உள்ள பெரியவர்கள் கடையிலேயே நேராக மிஷின் வாங்கலாம் என்று ஆயிற்று. குழந்தைகளுக்கு இன்றும் அந்த வழி கிடையாது.

"அப்படியானால் டாக்டர் வேண்டாம் என்றுதானே அர்த்தம்?" என்று கேட்பீர்கள். இல்லை. கதவைத் திறந்துவிட்டவர்களே, அந்த மிஷின் பெட்டியின் மேல் எச்சரிக்கை ஒன்றையும் அச்சிடச் சொன்னார்கள். இன்னின்ன அறிகுறி இருந்தால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த அறிகுறிகளை உங்கள் வீட்டு நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்:

காதின் அமைப்பு பிறவியிலோ, அடிபட்டோ மாறியிருத்தல்.

கடந்த ஆறு மாதத்தில் காதிலிருந்து நீரோ, சீழோ, ரத்தமோ வடிந்திருத்தல்.

காதில் வலி.

குறும்பி அதிகம் சேர்கிற வழக்கம், அல்லது காதுக்குள் ஏதோ இருப்பது போன்ற உணர்ச்சி.

தலைச்சுற்றல்.

கடந்த ஆறு மாதத்தில் கேட்கும் சக்தி திடீரென்று குறைதல், வேகமாகக் குறைந்துகொண்டே வருதல், அல்லது குறைவதும் தேறுவதுமாக இருத்தல்.

ஒரு காதுக்கும் மற்றக் காதுக்கும் வித்தியாசம்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல்.

இதில் ஒன்று இருந்தாலும் மிஷின் அப்புறம், டாக்டர் முதலில். ஒன்றுமே இல்லை என்று தோன்றினாலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு தடவை காட்டிவிடுவதே நல்லது. சிறு வயதில் சீழ் வந்ததை அவர்கள் மறந்திருப்பார்கள். தலைச்சுற்றலைப் பித்தம் என்று சொல்லித் தள்ளியிருப்பார்கள்.

டாக்டர் என்ன செய்வார்?

"ஊசி போடுவாங்களா? காதைக் கிழிப்பாங்களா?" என்று மாமியார் பயப்படலாம். ஒன்றும் இல்லை என்று தைரியம் சொல்லுங்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் விளக்கு வைத்த சிறு குழலால் காதுக்குள் பார்ப்பார். குறும்பி, ஓட்டை, சீழ் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பிறகு இசைக்கவையைத் தட்டிக் காதருகிலும், காதுக்குப் பின்னால் எலும்பின் மேலும் வைத்து, எங்கே நன்றாகக் கேட்கிறது என்று கேட்பார்.

அடுத்து ஆடியோகிராம். சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, காதில் ஒலிபெருக்கியை மாட்டி, சிறு சிறு ஒலிகளை அனுப்புவார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அல்லது கையைத் தூக்க வேண்டும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று ஒரு படம் வரைந்து கொடுப்பார்கள். 20 டெசிபலுக்குக் குறைந்த ஒலியே கேட்டால் காது நல்ல நிலையில் இருக்கிறது. எண் ஏற ஏறக் குறையும் அதிகம்.

இதில் முக்கியமான அம்சம் ஒன்று உண்டு. காற்று வழியாக வரும் ஒலியை ஒரு தரமும், எலும்பு வழியாக வரும் ஒலியை ஒரு தரமும் தனித்தனியே சோதிப்பார்கள். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாக மட்டும் கேட்காவிட்டால், கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோதான். மருந்தாலோ ஆபரேஷனாலோ தீரக்கூடும். இரண்டு வழியிலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் கோளாறு உட்காதில். அங்கேதான் பெரும்பாலும் மிஷின் உதவுகிறது. கைப்பேசியிலேயே காதைச் சோதிக்கும் வசதிகள் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் அவை காதில் மாட்டிய ஒலிபெருக்கி வழியாகத்தான் சோதிக்கின்றன. எலும்பு வழியை அவை பார்ப்பதில்லை. காதுக்குள் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

பரிசோதனைக்குப் போகும்போது, பெரியவர் சாப்பிடுகிற எல்லா மருந்துகளின் சீட்டையும் எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்கிற கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்; அவர் என்ன கேட்கிறார், எதைத் தவற விடுகிறார் என்பதைப் பார்ப்பதும் பரிசோதனையில் சேர்ந்ததுதான். போவதற்கு முன் பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும், கோழி இறகையும் ஊக்கையும் விட்டுக் குடைவதும் வேண்டவே வேண்டாம். ஓட்டை விழுந்த செவிப்பறைக்கு எண்ணெய் விஷம் போன்றது.

எங்கே போவது?

கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் வெகு தூரம் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் 2013-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அதன் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய் அன்றே திரும்பிவிடலாம். எதிர்த் திசையில் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போனால் ஜிப்மர் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

வசதி இல்லாதவர்கள் மிஷினுக்காக மலைக்க வேண்டாம். மாற்றுத் திறனாளிகளுக்கு உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசின் திட்டம் 1981 முதல் நடந்து வருகிறது. மாநில அரசும் வழங்குகிறது. மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கேயும் முதலில் கேட்பது டாக்டரின் சான்றைத்தான்.

மிஷினைத் தேர்ந்தெடுத்துக் காதுக்கு ஏற்றபடி ஒலியைத் திருத்திக் கொடுக்க ஆடியாலஜிஸ்ட் என்று தனிப் படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். 1992-ஆம் வருஷச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டவரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மிஷின் வந்த பிறகு

டாக்டரும் பார்த்து, மிஷின்தான் தேவை என்று சொல்லிவிட்டாரா? தாமதிக்காமல் வாங்குங்கள். எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்குகிற மலிவான பெட்டி வேறு. ஆடியோகிராமைப் பார்த்து, எந்த ஒலி தேய்ந்திருக்கிறதோ அதை மட்டும் உயர்த்துகிற மிஷின் வேறு. அளவுக்கு மீறிய ஒலி, மிச்சம் இருக்கிற கேள்விச் சக்தியையும் கெடுத்துவிடக்கூடும். வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒத்து வராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா என்பதையும் கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கண்ணாடி போட்ட உடனே கண் தெரிகிற மாதிரி, மிஷின் போட்ட அன்றே காது தெளிந்துவிடாது. பல வருஷம் மறந்திருந்த பாத்திர ஓசையும் மின்விசிறி ஓசையும் ஒரேயடியாகக் காதில் வந்து மோதும். "எனக்கு இது வேண்டாம்" என்று கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அப்போது கோபிக்காதீர்கள். முதல் வாரம் அமைதியான அறையில் தினம் சில மணி நேரம், ஒருவரோடு மட்டும் பேச்சு, பிறகு குடும்பத்தோடு, கல்யாண வீடும் கடைத் தெருவும் கடைசியில்தான். நீங்களும் எதிரில் உட்கார்ந்து, முகம் தெரியும்படி, நிதானமாகப் பேசுங்கள். சில வாரங்களில் பழகிவிடும்.

இத்தனை சிரமம் எதற்கு என்று தோன்றுகிறதா? காது மந்தமானவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைக்கிறார். பிறகு கூட்டத்தைத் தவிர்க்கிறார். பிறகு தன் அறையோடு நின்றுவிடுகிறார். கவனிக்கப்படாத காது மந்தம், முதுமையில் ஞாபக சக்தி குன்றுவதோடு சம்பந்தப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், ஞாபகம் குன்றும் அபாயம் அதிகமாக இருந்த முதியவர்களுக்கு மிஷினும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்களுக்கு அறிவு மங்கும் வேகம் சுமார் பாதியாகக் குறைந்திருந்தது. அபாயம் குறைவாக இருந்தவர்களிடம் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எல்லோருக்கும் பொதுவான உறுதிமொழி இல்லைதான். ஆனாலும் அலட்சியமாக ஒதுக்கக்கூடிய செய்தி அல்ல, பாருங்கள்.

ஆகவே, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது புடவையும் பழமும் வாங்கிப் போவதோடு, ஒரு நாள் லீவும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ஒரு நாளில் மாமியாரையோ, அம்மாவையோ கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காதைக் காட்டிவிட்டு வாருங்கள். மிஷின் வேண்டுமா, வேண்டாமா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.